முதலிடத்தில் இருந்தபோது டால்கிளீஷ் ஏன் விலகினார்?

கேள்வி இதுதான்: 1991 பிப்ரவரியில் லிவர்பூல் அணி இங்கிலாந்து லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. லீக்கிலிருந்து வேறான, தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையிலும் இன்னும் களத்தில் இருந்தது. அப்படியிருக்க, அதன் மேலாளர் கென்னி டால்கிளீஷ் ஏன் ஒரே நாளில் பதவியைத் துறந்தார்? அவரை வீரராக உயர்த்திச் சொல்வதா, பயிற்சியாளராக உயர்த்திச் சொல்வதா? இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் ஆடிய விதம் தெரியாமல் அவர் அணியை நடத்திய விதம் புரியாது. அணியை நடத்திய விதம் தெரியாமல் அவர் விலகியதும் புரியாது.

டால்கிளீஷ் 1951 மார்ச் 4 அன்று கிளாஸ்கோவின் டால்மார்னக் பகுதியில் பிறந்தார். அவருடைய பதின்ம வயதில் குடும்பம் ரேஞ்சர்ஸ் அணியின் ஐப்ராக்ஸ் மைதானத்தை ஒட்டிய பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அந்த நகரத்தில் ரேஞ்சர்ஸா, செல்டிக்கா என்பது விளையாட்டு விருப்பத்தோடு முடிகிற விஷயம் அல்ல. புராட்டஸ்டன்ட் குடும்பமா, கத்தோலிக்கக் குடும்பமா என்ற கேள்வியும் அதற்குள் ஒளிந்திருக்கும். டால்கிளீஷின் வீடு புராட்டஸ்டன்ட் வீடு, சிறுவனுக்கு ரேஞ்சர்ஸ்தான் உயிர். 1967-இல் செல்டிக்கின் துணை மேலாளர் ஷான் ஃபாலன் ஒப்பந்தத் தாளோடு வீட்டுக் கதவைத் தட்டியபோது, பையன் தன் அறைக்கு ஓடி, சுவரில் ஒட்டியிருந்த ரேஞ்சர்ஸ் படங்களை அவசர அவசரமாகக் கிழித்தான் என்பது கிளாஸ்கோவில் பல தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. டால்கிளீஷே அதைச் சொல்லிச் சிரிப்பார். பள்ளியில் அவர் முதலில் கோல்காப்பாளராக நின்றவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முழுவதையும் பின்னாலிருந்து பார்த்துப் பழகிய கண் பிற்பாடு அவருக்கு உதவியதா என்று நிரூபிக்க முடியாது. உதவியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் கையெழுத்திட்ட அதே மாதத்தில்தான் மேலாளர் ஜாக் ஸ்டீனின் செல்டிக், லிஸ்பனில் இன்டர் மிலானை வீழ்த்தி, ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணியாயிற்று. அப்படிப்பட்ட அணியில் பதினாறு வயதுப் பையனுக்கு உடனே இடம் கிடைக்காது. ஸ்டீன் அவரை முதல் ஆண்டில் கம்பர்நால்ட் யுனைடெட் என்ற சிறிய அணிக்கு அனுப்பினார். பகலில் தச்சுவேலை பயின்றுகொண்டே அங்கே கோல்களைக் குவித்தார். 1968 செப்டம்பரில் செல்டிக் முதல் அணிக்கு ஆடிவிட்டாலும், அணியில் நிலையான இடம் 1971-72 பருவத்தில்தான் கிடைத்தது. அதற்குச் சற்று முன், 1971 மே மாதம், கில்மார்னக் வீரர் ஃபிராங்க் பீட்டிக்காக நடந்த நன்கொடை ஆட்டத்தில் அவர் ஒருவரே 6 கோல் அடித்திருந்தார். அதற்குப் பின் அவரை வெளியே உட்காரவைக்க ஸ்டீனுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. செல்டிக்குக்காக 322 ஆட்டங்களில் 167 கோல்கள், 4 லீக் பட்டங்கள், 4 ஸ்காட்டிஷ் கோப்பைகள். இதை வேகமாகக் கடந்துவிடலாம்.

ஆனால் அந்த ஆண்டுகளின் ஒரு நாளைக் கடந்துபோக முடியாது. 1971 ஜனவரி 2 அன்று ஐப்ராக்ஸில் ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, வெளியேறும் படிக்கட்டு ஒன்றில் ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். செல்டிக்கின் இளம் வீரராக, அன்று ஆடாமல், டால்கிளீஷ் அந்த மைதானத்தில் பார்வையாளராக இருந்தார். அவருக்கு அப்போது வயது 19.

1977-இல் லிவர்பூலின் நட்சத்திர முன்கள வீரர் கெவின் கீகன் ஜெர்மனியின் ஹாம்பர்க் அணிக்குப் போக, லிவர்பூல் மேலாளர் பாப் பெய்ஸ்லி 4,40,000 பவுண்டு கொடுத்து டால்கிளீஷை வாங்கினார். இரு பிரிட்டிஷ் அணிகளுக்கிடையே அதுவரை கைமாறாத தொகை அது. கீகனின் 7-ஆம் எண் சட்டையும் அவருக்கே வந்தது. ரசிகர்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த கீகனை இழந்த வருத்தத்தில் இருந்தார்கள். புதியவர் முதல் லீக் ஆட்டத்திலேயே, மிடில்ஸ்பரோ மைதானத்தில், ஏழாவது நிமிடத்தில் கோல் அடித்தார். அந்தப் பருவம் முடிவதற்குள் 31 கோல்கள். அவற்றில் கடைசியானது வெம்பிளியில், 1978 மே 10 அன்று, கிளப் ப்ரூகே அணிக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில்.

அந்தக் கோலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். லிவர்பூலின் நடுக்கள வீரர் கிரேம் சூனஸ் நடுவிலிருந்து பந்தைத் தடுப்பாட்டக்காரர்களின் இடைவெளியில் நழுவவிடுகிறார். அவர் அந்தப் பந்தைத் தரும் முன்பே டால்கிளீஷ் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். பக்கவாட்டுக் கோணம், எதிரே ஓடிவரும் கோல்காப்பாளர் பிர்ஜர் ஜென்சன். வேறு எந்த முன்கள வீரரும் அந்த இடத்தில் ஓங்கி உதைத்திருப்பார். டால்கிளீஷ் ஒரு கணம் தாமதிக்கிறார். உதை வரும் என்று நினைத்து ஜென்சன் கீழே விழுகிறார். விழுந்த பிறகு அவர் உடலுக்கு மேலாகப் பந்து மெல்ல எழும்பித் தூரத்து மூலையை நோக்கிப் போகிறது. அடித்தவர் விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து ரசிகர்களை நோக்கி ஓடுகிறார். ஆட்டம் 1–0.

அவர் வேகமானவர் அல்லர், உயரமானவரும் அல்லர். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பையும் பின்புறத்தையும் வைத்துத் தடுப்பாட்டக்காரரைத் தள்ளி நிறுத்தி, பந்தை வாங்கி, அடுத்த கணம் யாருக்குத் தர வேண்டும் என்பதைப் பந்து வருமுன்னே முடிவுசெய்து வைத்திருப்பார். திரும்பிப் பார்க்காமலே தன்னைச் சுற்றி யார் எங்கே இருக்கிறார்கள் என்று அறிந்திருந்ததுதான் அவருடைய தனித்திறன். இதனால் மிக அதிகம் பயன்பெற்றவர் சக முன்கள வீரர் இயான் ரஷ். லிவர்பூலுக்காக 346 கோல்கள் என்ற, இன்றும் முறியடிக்கப்படாத கணக்கை ரஷ் எட்டியதில், தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் டால்கிளீஷ் போட்டுத்தந்த பந்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. லிவர்பூலுக்காக 515 ஆட்டங்களில் அவர் அடித்த 172 கோல்களை எண்ணுகிறவர்கள், அவர் அடிக்கவைத்த கோல்களைத் தவறவிடுகிறார்கள். 1978, 1981, 1984 என மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் வென்றார்; 1983-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் தேர்வில் பிளாட்டினிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். ஸ்காட்லாந்துக்கு 102 ஆட்டங்கள் ஆடி 30 கோல்கள் அடித்தார்; ஆட்ட எண்ணிக்கையில் அந்நாட்டு ஆண்கள் அணியில் அவரே முதல்வர், கோல் எண்ணிக்கையை டெனிஸ் லாவோடு பகிர்ந்துகொள்கிறார். மூன்று உலகக் கோப்பைகளில் ஆடியும் ஸ்காட்லாந்து ஒருமுறைகூட முதல் சுற்றைத் தாண்டவில்லை என்ற குறை மட்டும் நின்றுவிட்டது.

இனி மேலாளர் கதை. பிரிட்டிஷ் கால்பந்தில் மேலாளர் என்றால் பயிற்சி தருபவர் மட்டும் அல்லர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யார் ஆடுவது என்று எல்லாம் அவர் தலையில்தான். அந்தப் பதவி டால்கிளீஷுக்கு வந்த நேரத்தைப் போல மோசமான நேரம் இருக்க முடியாது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் யுவென்டஸுக்கு எதிரான ஐரோப்பிய இறுதிப்போட்டிக்கு முன், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்க, ஒதுங்கிய கூட்டத்தின் நெருக்கத்தில் சுவர் சரிந்து 39 பேர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இத்தாலியர்கள். ஆட்டத்தை நடத்தியே தீர்த்தார்கள், டால்கிளீஷும் ஆடினார். மேலாளர் ஜோ ஃபேகன் அத்தோடு ஓய்வுபெற, 34 வயது டால்கிளீஷ் ஆடிக்கொண்டே அணியை நடத்தும் வீரர்-மேலாளராக அறிவிக்கப்பட்டார். அனுபவசாலியான பெய்ஸ்லி ஆலோசகராக அருகில் இருந்தார். இங்கிலாந்து அணிகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில், அவரை வளர்த்த ஸ்டீன், கார்டிஃபில் ஸ்காட்லாந்து அணியின் மேலாளராக ஒரு தகுதிச்சுற்று ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தபோதே மைதானத்தில் சரிந்து இறந்துபோனார். அந்த நாற்காலி மனிதனை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

முதல் பருவத்தில் டால்கிளீஷ் தன்னை அளவாகவே ஆடவைத்துக்கொண்டார். பட்டம் அதே நகரத்தின் போட்டி அணியான எவர்டன் பக்கம் சாய்வது போலிருந்த கடைசி மாதங்களில் தன்னையே அணிக்குள் திரும்ப எடுத்தார். இறுதி 12 லீக் ஆட்டங்களில் 11 வெற்றி, ஒன்று சமன். 1986 மே 3 அன்று செல்சியின் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் மைதானத்தில், ஜிம் பெக்லின் தூக்கிப்போட்ட பந்தை நெஞ்சில் வாங்கி, அது தரையைத் தொடுமுன் உதைத்து வலைக்குள் அனுப்பினார். 1–0, லீக் பட்டம். ஒரு வாரம் கழித்து எவர்டனை 3–1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை. ஒரே பருவத்தில் இரண்டையும் வெல்வது இருபதாம் நூற்றாண்டில் அதற்கு முன் டாட்டன்ஹாமும் ஆர்சனலும் மட்டுமே செய்த காரியம். வீரர்-மேலாளராக அதைச் செய்தவர் அவர்தான் முதல்வர்.

அவருடைய மேலாண்மைத் திறனுக்கு நான் காட்டும் சான்று அந்த ஆண்டு அல்ல, 1987-88. ரஷ் யுவென்டஸுக்குப் போய்விட்டார். அந்த இடத்தை இன்னொரு ரஷ்ஷைத் தேடி நிரப்பாமல், ஜான் ஆல்ட்ரிட்ஜ், ஜான் பார்ன்ஸ், பீட்டர் பியர்ட்ஸ்லி, பிறகு ரே ஹௌட்டன் என்று நால்வரைக் கொண்டுவந்து ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றினார். பார்ன்ஸ் இடது ஓரத்தில், பியர்ட்ஸ்லி டால்கிளீஷ் நின்ற அதே இடத்தில். பருவத்தின் தொடக்கத்திலிருந்து 29 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 40 ஆட்டங்களில் தோற்றது இரண்டே இரண்டு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 5–0 என்று வென்ற அந்த ஏப்ரல் மாத ஆட்டத்தை இன்றும் பழைய ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் விம்பிள்டனிடம் 1–0 என்று தோற்றதும் அதே பருவத்தில்தான், கால்பந்து அப்படித்தான்.

அடுத்த ஆண்டு, 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல் கூடியதும் காவல்துறை ஒரு வாயிலைத் திறந்துவிட, ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பிவேலி அடைப்புகளுக்குள் கூட்டம் பாய்ந்தது. ஆறு நிமிடத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். டால்கிளீஷின் மகன் பாலும் அன்று ரசிகர்களோடு அந்த மைதானத்துக்கு வந்திருந்தான். அவன் நலமாக இருக்கிறான் என்று தெரிவதற்குள் தந்தை பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அதன்பின் நடந்தவற்றில்தான் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. மறுநாள் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்ட் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 'காப்' எனப்படும் ரசிகர் மேடையை ஒட்டிய கோல் பக்கத்திலிருந்து தொடங்கிய மலர்கள் ஆடுகளத்தின் பாதியை மூடின. வீரர்களின் மனைவிமாரும் டால்கிளீஷின் மனைவி மரீனாவும் இழப்புற்ற குடும்பங்களுக்கு அங்கேயே தேநீர் கொடுத்து, பேச்சுத்துணையாக இருந்தார்கள். டால்கிளீஷ் வீரர்களோடு மருத்துவமனைக்குப் போனார். இறுதிச் சடங்குகளுக்குப் போனார். ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குப் போன நாளும் உண்டு. 'தி சன்' நாளிதழ் பழியை ரசிகர்கள் மேல் போட்டு முதல் பக்கத்தில் பொய் எழுதியபோது, நிலைமையைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று கேட்ட ஆசிரியரிடம், அதே அளவு எழுத்தில் 'நாங்கள் பொய் சொன்னோம்' என்று போடுங்கள் என்றதாக அவரே பிற்பாடு கூறியிருக்கிறார். மனநல ஆலோசகர் செய்ய வேண்டிய வேலை, சமயத் தலைவர் செய்ய வேண்டிய வேலை, நகரத் தலைவர் செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும், எந்தப் பயிற்சியும் இல்லாத 38 வயதுக் கால்பந்துக்காரர் ஒருவர் சுமந்தார். எல்லோருக்கும் ஆறுதல் சொன்னவர், தனக்கு யாரிடமும் கேட்கவில்லை.

அதே மே மாதத்தில் எவர்டனை 3–2 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தார்கள், ஆறு நாள் கழித்து, பருவத்தின் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஆர்சனலின் மைக்கேல் தாமஸ் அடித்த கோலில் லீக் பட்டத்தை இழந்தார்கள். மறு ஆண்டு 1990-இல் பட்டம் திரும்ப வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலத் தோன்றியது. உள்ளே அப்படி இல்லை. டால்கிளீஷின் உடலில் தடிப்புகள் தோன்றின. ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்துவிழ ஆரம்பித்தார். 1990-லேயே போய்விட நினைத்ததாக அவரே பின்னர் சொன்னார்.

பிறகு 1991 பிப்ரவரி 20, எவர்டனின் குடிசன் பார்க்கில் எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்றின் மறு ஆட்டம். லிவர்பூல் நான்கு முறை முன்னிலை பெற்றது. நான்கு முறையும் எவர்டன் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் டோனி காட்டி அடித்த கோலோடு 4–4. நடுநிலைப் பார்வையாளர்கள் அதை வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். டால்கிளீஷ் அதை நினைவுகூர்ந்த விதம் வேறு. முன்னிலையைக் காக்க நடுக்கள வீரர் யான் மோல்பியைத் தடுப்பாட்டத்துக்குப் பின்னே இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த முடிவை எடுக்க முடியாமல் நின்றார். பந்து வருமுன்னே முடிவு எடுத்துவிடுகிறவர் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த மனிதர்தான் இவர். மறுநாள் காலை கழகத் தலைவர் நோயல் வைட்டையும் தலைமை நிர்வாகி பீட்டர் ராபின்சனையும் சந்தித்துப் போவதாகச் சொன்னார். அவர்கள் ஓய்வு எடுத்துவிட்டு வரச் சொல்லியும் கேட்கவில்லை. 22-ஆம் தேதி செய்தியாளர்கள் முன் அறிவிப்பு வந்தது. ஏதோ ஊழல், ஏதோ சண்டை என்று ஊர் பேசிய கதைகளுக்கு இன்றுவரை ஆதாரம் கிடையாது. களைத்துப்போன ஒரு மனிதர், அடுத்த முடிவைத் தன்னால் எடுக்க முடியாது என்று உணர்ந்த இரவில் நிறுத்திக்கொண்டார் என்பதே என் பதில். லீக் பட்டத்தை அந்த ஆண்டு ஆர்சனல் எடுத்துக்கொண்டது.

அவரைப் பயிற்சியாளராகக் குறைத்துப் பேசுகிறவர்கள், பெய்ஸ்லியும் ஃபேகனும் கட்டிவைத்த வீட்டில் குடியிருந்தவர் என்பார்கள். அதற்குப் பதில் பிளாக்பர்னில் இருக்கிறது. 1991 அக்டோபரில் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த அந்த அணிக்கு அவர் வந்தார். உருக்குத் தொழிலில் செல்வம் சேர்த்த உள்ளூர்க்காரர் ஜாக் வாக்கரின் பணம் இருந்தது உண்மை. துணைக்கு ரே ஹார்ஃபர்ட் என்ற நுட்பமான பயிற்றுநர் இருந்ததும் உண்மை. பணம் இருந்தும் எதையும் சாதிக்காத அணிகள் எத்தனையோ. முதல் ஆண்டிலேயே மேல்நிலைக்கு ஏறினார்கள். முன்கள வீரர் ஆலன் ஷியரர் வந்தார், பிறகு இன்னொரு முன்கள வீரர் கிறிஸ் சட்டன். மேல்நிலையில் நான்காம் இடம், இரண்டாம் இடம், முதலிடம் என்று மூன்றே ஆண்டு. 1995 மே 14 அன்று கடைசி ஆட்டம், வேறெங்கும் அல்ல, ஆன்ஃபீல்டில். இறுதி நேரத்தில் ஜேமி ரெட்நாப் அடித்த ஃப்ரீகிக்கில் பிளாக்பர்ன் 2–1 என்று தோற்றது. அதே வேளையில் லண்டனில் மான்செஸ்டர் யுனைடெட்டால் வெஸ்ட் ஹாமோடு 1–1-க்கு மேல் போக முடியவில்லை என்ற செய்தி வந்தது. 89 புள்ளிக்கு 88. பிளாக்பர்னுக்கு 1914-க்குப் பிறகு முதல் பட்டம். தன் அணியைத் தோற்கடித்த லிவர்பூல் ரசிகர்களே எழுந்து நின்று அவரை வாழ்த்தினார்கள். இரு வேறு அணிகளுக்கு இங்கிலாந்து லீக் பட்டம் வாங்கித் தந்த நான்காவது மேலாளர் அவர். மற்ற மூவர் டாம் வாட்சன், ஹெர்பர்ட் சாப்மன், பிரையன் கிளஃப்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997-இல் நியூகாசிலில் மறுபடியும் கீகனின் இடத்துக்கே வந்து, அந்தப் பருவத்தை இரண்டாம் இடத்தில் முடித்தார். மறு ஆண்டு அணி 13-ஆம் இடத்துக்குச் சரிந்தது, 1998 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். 2000-இல் செல்டிக்கில் தற்காலிகப் பொறுப்பேற்று ஒரு லீக் கோப்பை வென்றார். 2011 ஜனவரியில் ராய் ஹாட்ஜ்சனுக்குப் பதிலாக லிவர்பூலுக்குத் திரும்பி, 2012-இல் லீக் கோப்பையை வென்றாலும், லீக்கில் எட்டாம் இடமே கிடைத்தது. மே மாதம் அனுப்பப்பட்டார். 3.5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய ஆண்டி கேரல் அந்த விலைக்கு ஆடவில்லை. இனவெறி வசைக்காக லூயிஸ் சுவாரெஸ் எட்டு ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டபோது, அணியே அவர் படம் போட்ட சட்டையோடு களமிறங்க டால்கிளீஷ் துணைநின்றது தவறு. அதை மழுப்ப நான் தயாரில்லை. தன் ஆட்களைச் சுற்றி அரண்போல் நிற்கும் அதே குணம், 1989-இல் ஒரு நகரத்தைத் தாங்கியது, 2011-இல் வசைக்கு ஆளான பாட்ரிஸ் எவ்ராவைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைத்தது.

வீரரா, பயிற்சியாளரா என்றால், வீரர் டால்கிளீஷுக்கே நான் முதலிடம் தருவேன். அந்த அணியில் அவர் நின்ற இடத்தில் நிற்க அவருக்குப் பின் வந்தவர்களில் பியர்ட்ஸ்லி ஒருவரால்தான் ஓரளவு முடிந்தது. விலகலைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். சில வார ஓய்விலேயே உடல் தேறிவிட்டதாகவும், 1991 கோடையில் லிவர்பூல் மறுபடி கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்றும் அவர் பிற்பாடு எழுதினார். ஆனால் ஏப்ரலிலேயே அந்தப் பதவி, வெம்பிளியில் அவருக்குப் பந்தை நழுவவிட்ட அதே கிரேம் சூனஸுக்குத் தரப்பட்டுவிட்டது. மறுபடி அழைப்பு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அது வந்தபோது அவர் விடுமுறையில் ஒரு கப்பலில் இருந்தார். அங்கிருந்து கிளம்பி வந்து, அடுத்த நாளே மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் ட்ராஃபர்ட் மைதானத்தில் அணியோடு நின்றார்.